கீஸ்லோவ்ஸ்கியின் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

போலந்து இயக்குநர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கியின் படங்களைப் பார்க்க ஆசை, ஆனால் ரொம்ப மெதுவாகப் போகும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் 'கேமரா பஃப்' படத்தில் தொடங்குங்கள். இல்லாவிட்டாலும் அதிலேயே தொடங்குங்கள்.

எல்லாரும் அவருடைய 'நீலம், வெள்ளை, சிவப்பு' என்ற மூன்று படங்களையும்தான் சொல்வார்கள். அவற்றை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 1993-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய 'நீலத்தை'க் குறை சொல்ல நான் யார்? என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது இந்த 1979 படம், அவ்வளவுதான்.

ஃபிலிப் ஒரு தொழிற்சாலை ஊழியர். பிறந்த மகளைப் படம் பிடிக்கத்தான் 8 எம்.எம். கேமரா வாங்குகிறார். தொழிற்சாலை விழாவையும் எடுக்கச் சொல்கிறார் மேலதிகாரி. அப்புறம் பரிசு, பாராட்டு என்று ஆள் வேறு உலகத்துக்குப் போய்விடுகிறார். மனைவி வீட்டை விட்டுப் போகும்போது, விரல்களைச் சட்டம்போலக் கூட்டி, அவள் போவதை அதற்குள் வைத்துப் பார்க்கிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

2005 தீபாவளி போனஸில் நானும் ஒரு ஹேண்டிகேம் வாங்கினேன், மகளுக்காகத்தான். முதல் பிறந்தநாளன்று வாசல்படியில் தவழ்ந்து வந்தவள் தலைகுப்புற விழுந்தாள். நான் ஜூம் பண்ணிக்கொண்டிருந்தேன். "அதைக் கீழ வைங்க மாப்ள!" என்று மாமியார் கத்துவது டேப்பில் தெளிவாகக் கேட்கும். அதற்குப் பிறகும் நாலைந்து விநாடி ஓடுகிறது. கை நடுங்கவே இல்லை. காயம் பெரிதில்லை, நெற்றியில் ஒரு புடைப்புதான். நான் மோசமான அப்பா இல்லை, அன்று யாராக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று மனைவியிடம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து 'டெகலாக்' முதல் பகுதி. போலந்து தொலைக்காட்சிக்கு எடுத்த பத்துப் படங்களில் ஒன்று, ஒரு மணி நேரம்கூட ஆகாது. உறைந்த ஏரியின் பனிக்கட்டி மகனின் எடையைத் தாங்குமா என்று அப்பா கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார். மேசையில் மை தானாகக் கசிந்து பரவும் இடத்தைக் கவனியுங்கள். மேலே சொல்லமாட்டேன்.

என் மகளின் அந்தப் பிறந்தநாள் டேப்பை டிவிடியாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். மகளின் மழலை ஒரு சொல்கூடக் கேட்காது. கேட்டால், "வெறுமனே இருந்துச்சே சார்" என்கிறார் கடைக்காரர். மூல டேப்பிலும் இப்போது பூஞ்சை.