கீபோர்டைக் கழற்றும் தம்பிக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து மகனோடு வந்திருந்தீர்கள். "எல்லா இசையும் கணினிக்குள்ளே போய்விட்டது, இவன் சிந்தசைசர் சிந்தசைசர் என்கிறானே" என்று கேட்டபோது உங்கள் குரல் தழுதழுத்தது. சிந்தசைசர் என்பது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கருவி, பெரும்பாலும் கீபோர்டு வடிவில் வரும். அன்று நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

தம்பி கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். கோயில் பஜனைக் குழுவின் பழைய கீபோர்டு, வயிறு திறந்து கிடந்தது. நான்கு கட்டைகள் பேசவில்லையாம். அடியிலிருக்கும் ரப்பர் பட்டையை எடுத்து, அதன் கரிப் பொட்டுகளை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்திருக்கிறான். கழற்றிய திருகாணிகள் முட்டை அட்டைக் குழிகளில் இருந்தன. எந்தக் குழியில் எந்த இடத்துத் திருகாணி என்று பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறான். படிவம் 3, அதாவது ஒன்பதாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் இந்த ஒழுங்கைப் பார்ப்பது அபூர்வம், அம்மா.

இந்தக் கருவிகள் அழிந்துவிடுமா என்று பயப்பட வேண்டாம். 1978-இல் வந்த புராஃபெட்-5 சிந்தசைசரை 2020-இல் மறுபடி தயாரித்தார்கள். 2002-இல் வந்த மைக்ரோகோர்க் சிந்தசைசருக்கு 2024-இல் இரண்டாம் வடிவம் வந்தது. காரணம் கைதான். கீபோர்டில் நாதஸ்வர ஒலி வைத்து வாசிப்பவரைக் கவனியுங்கள். வலக்கை கட்டையில் இருக்கும், இடக்கை, சுருதியை வளைக்கும் பெண்ட் சக்கரத்தை மெல்ல உருட்டிக் கமகத்தை இழுக்கும். மவுஸைப் பிடித்துக்கொண்டு அப்படி வாசிக்க முடியாது.

இன்னொன்று. யமஹா 2023-இல் வெளியிட்ட மோண்டாஜ் எம் சிந்தசைசரின் ஒலிகளைக் கணினியிலும் இயக்க, அதை வாங்கியவர்களுக்குத் தனி மென்பொருளே உண்டு. கருவியா கணினியா என்ற சண்டை ஓய்ந்து வருகிறது. இரண்டும் தெரிந்தவர்கள்தான் இனி தேவை.

சரி, வேலை? சிந்தசைசர் வடிவமைக்கும் வேலைகள் பெரும்பாலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன, எண்ணிக்கையும் குறைவு. அதை மட்டும் நம்பிப் படிக்க வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் என்ற சில்லு ஆலை எரிந்தபோது, ஒலியை டிஜிட்டல் எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றித் தரும் சில்லுகள் கிடைக்காமல் ஆடியோ கருவி செய்பவர்கள் உலகெங்கும் திண்டாடினார்கள். இந்தக் கருவிகளின் உயிர் சில்லில் இருக்கிறது. சில்லு வேலை நமக்குப் புதிதா? இன்டெல் 1972 முதல் பினாங்கில் இருக்கிறது. அது இருக்கும் பாயான் லெப்பாஸ், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே!

அதனால் படிவம் 4-இல் இயற்பியலும் கூடுதல் கணிதமும் கட்டாயம் எடுக்கட்டும். படிவம் 5 இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் செபராங் பிறை பொலிடெக்னிக்கில் மின்னணுப் பொறியியல் டிப்ளோமா படிக்கலாம். மதிப்பெண் நன்றாக இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனோ எஸ்டிபிஎம்மோ முடித்து, நிபோங் தெபாலில் உள்ள யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்துக்கு முயலலாம். வாசிப்புதான் உயிர் என்று அப்போதும் சொன்னால் தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) என்ற பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பு இருக்கிறது, அதை அன்றைக்குப் பேசிக்கொள்வோம்.

அவன் கேட்கும் விலையுயர்ந்த கீபோர்டை இப்போது வாங்க வேண்டாம். ஒலியை மாற்றத் திருகும் குமிழ்கள் நிறைய உள்ள சின்ன சிந்தசைசர் ஒன்று, பழையதாகவே, போதும். கூடவே மின்சுற்றுகளைப் பற்றவைக்க ஒரு நல்ல சால்டரிங் அயர்ன். அப்புறம், பஜனைக் குழுவிலிருந்து அவனை நிறுத்திவிடாதீர்கள்.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு தடவை அழையுங்கள்.