செரோனேராவிலிருந்து கிளிமஞ்சாரோ விமான நிலையம்: 9 மணிக்குக் கிளம்பலாமா?

வேண்டாம். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் செரோனேரா முகாமிலிருந்து 9 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணி விமானத்தைப் பிடிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 6 மணிக்கே வண்டி நகர வேண்டும்.

கைபேசி வரைபடம் சொல்லும் 6 மணி நேரம்தான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். வழியில் வரும் அருஷா நகரமே சுமார் 330 கி.மீ. அதில் பக்கத்து இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைத் தாண்டி அதன் லோடுவாரே வாயில் வரை சரளைச் சாலை. நெடுக வரிவரியாகப் பள்ளம். வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் பல் ஆடும். முன்னால் ஒரு லாரி போனால் போதும், புழுதியில் எதுவும் தெரியாது. அப்புறம் தார்ச்சாலைதான், ஆனால் ஊருக்கு ஊர் 50 கி.மீ. வேக வரம்பு; போலீஸ் மறைந்து நிற்கும். அருஷாவுக்கே 8 மணி நேரம் ஆகும். விமான நிலையம் அங்கிருந்து இன்னும் 50 கி.மீ.

முந்தைய இரவே ஓட்டுநரிடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள்:

1. பூங்கா அனுமதியில் நுழைந்த நேரம் என்ன? 24 மணி நேரக் கணக்கு அது. செரெங்கெட்டியை விட்டு வெளியேறும் நாபி ஹில் வாயிலில் பார்ப்பார்கள். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம்.
2. இங்கோரோங்கோரோவைக் கடக்கும் கட்டணம் கட்டியாகிவிட்டதா? சும்மா கடந்து போனாலும் உண்டு.

காலை உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். சமையல்காரர் அடுப்பு பற்றவைக்கக் காத்திருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மார்ச் முதல் மே வரை மழைக்காலம் என்றால் இந்தக் கணக்கும் நிற்காது. அப்போது கடைசி இரவை லோடுவாரே வாயிலைத் தாண்டியுள்ள கரட்டு ஊரில் போடுங்கள்.