64 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 89 வெள்ளி பில் வந்தது எப்படி?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன ஒரு தம்பியின் கேள்வி இது. திருமண நாளன்று மனைவியோடு ஒரு சீனக் கடலுணவு உணவகத்துக்குப் போயிருக்கிறார். மெனு விலைப்படி கூட்டினால் 64 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கைக்கு வந்த பில் 88.97. மீன் சவசவ என்று இருந்ததாம், இறால் ஆறிப்போய் வந்ததாம். ஏமாற்றிவிட்டார்களா, கேட்டிருக்க வேண்டுமா, கேட்டால் மரியாதைக் குறைவா, டிப்ஸ் வேறு வைக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, பில்லில் உள்ள ஒவ்வொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்வது சுலபம். சாப்பாடு 64. தேநீர் ஆளுக்கு 2.50 வீதம் 5 வெள்ளி. ஈரத்துவாலை இரண்டு, 1.20. வேர்க்கடலை 4. ஆக 74.20. இதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 7.42. இரண்டையும் சேர்த்து வரும் 81.62க்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி, 7.35. மொத்தம் 88.97. கணக்கில் தவறு இல்லை. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ‘பிளஸ் பிளஸ்’ என்று இங்கே சொல்வது அதைத்தான். ஒன்று சேவைக் கட்டணம், இன்னொன்று ஜிஎஸ்டி. பத்தும் ஒன்பதும் பத்தொன்பது என்று நினைத்துவிடாதீர்கள். சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு என்பதால் 100 வெள்ளிக்கு 119.90 ஆகிவிடும்.

மற்றக் கடைகள் வரியையும் சேர்த்துத்தான் விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் வரி அதிகாரிகள் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். வரியும் கட்டணமும் தனி என்று பார்வையில் படும்படி எழுதி வைத்தால் போதும். எனக்கு இந்த விலக்கு பிடிக்கவில்லை. பசியோடு உட்காருகிறவன் 1.199 ஆல் பெருக்கிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் இன்றைய விதி இதுதான், தெரிந்துகொண்டு உட்காருங்கள். நான் வந்த காலத்தில் ஜிஎஸ்டி 7 சதவீதம். 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 என்று ஏறியது. ஒரு விஷயம்: ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாத கடை அந்த வரியை வாங்கவே கூடாது. பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த துவாலை, கடலை, தேநீர் மூன்றும் வேறு கதை. நீங்கள் கேட்காமலே மேசைக்கு வந்தவை. நம் ஊர் ஓட்டலில் உட்கார்ந்ததும் தண்ணீர் வைப்பார்களே, அந்தப் பழக்கத்தில் இதுவும் உபசாரம் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே அப்படி இல்லை. வேண்டாம் என்றால் வந்தவுடனே “இதை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் தினமும் செய்வதுதான். துவாலை உறை பிரிக்காமல் கிடந்தால் பில் போடும்போது கழித்துவிடச் சொல்லலாம். பிரித்துத் துடைத்த பிறகு கேட்பது சரியல்ல. பச்சைத் தண்ணீருக்கும் சில இடங்களில் காசு உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் சில வெள்ளி விஷயம். உண்மையில் அடி விழுவது மீனிலும் நண்டிலும்தான். மெனுவில் விலைக்குப் பதில் ‘பருவ விலை’, அதாவது அன்றைய சந்தை விலை, என்றிருக்கும். எவ்வளவு என்று கேட்டால் ஒரு சின்ன எண்ணைச் சொல்வார்கள். அது 100 கிராமுக்கு. 2023இல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி ராஜநண்டு 30 வெள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு, நண்டுக்கு மட்டும் 938 வெள்ளி பில் வந்ததால் போலீஸைக் கூப்பிட்ட செய்தி உலகம் முழுக்கப் போனது.

எனக்கும் நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அப்பா அம்மாவை முதல்முறையாக அழைத்து வந்தேன். தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டி “இது வேண்டுமா?” என்றார் பரிமாறுபவர். அப்பாவுக்கு முன்னால் விலை கேட்கக் கூச்சம், தலையாட்டிவிட்டேன். மீனுக்கு மட்டும் 90 வெள்ளிக்கு மேல் வந்தது. அப்பா பில்லை ஒரு முறை பார்த்தார். ரூபாயில் கணக்குப் போட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இருந்த பன்னிரண்டு நாளும் வெளியே சாப்பிடலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் “பசிக்கலப்பா, வீட்டுல ரசம் இருக்குல்ல” என்பார். அந்தப் பன்னிரண்டு நாளுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். காசு போனது பெரிதில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அதனால் எடை போட்டுத் தரும் எதையும் சமைக்கப் போகும் முன்பு நிறுத்துங்கள். “இந்த மீன் எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு வரும்?” என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அதிகமாகத் தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டுக்காரி முன்னால், அப்பா முன்னால், மேலதிகாரி முன்னால்கூடக் கேட்கலாம். இந்த ஊரில் விலை கேட்பவனைக் கஞ்சன் என்று யாரும் நினைப்பதில்லை.

டிப்ஸ் வேண்டாம், இங்கே அந்த வழக்கம் இல்லை. நீங்கள் கொடுத்த சேவைக் கட்டணம் பரிமாறியவருக்கே போகிறது என்றும் எண்ணாதீர்கள், பல இடங்களில் அது கடையின் வருமானம். ஒருவர் நன்றாகக் கவனித்தார், மனசு கேட்கவில்லை என்றால் அவர் கையிலேயே கொடுங்கள்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா மாதிரி, சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களில் இந்தத் தொல்லையே கிடையாது. பலகையில் எழுதிய விலைதான், சேவைக் கட்டணம் இல்லை. பொட்டலம் கட்டினால் டப்பாவுக்குச் சில காசு கேட்பார்கள், அவ்வளவுதான். சாப்பிட்ட தட்டை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் 2021 செப்டம்பரிலிருந்து நடவடிக்கை உண்டு.

இனி ஆறிய இறால். இதுதான் உங்களுக்குச் சேர வேண்டிய நியாயம், இதைத்தான் நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். இரண்டு வாய் சாப்பிட்டதுமே மேலாளரைக் கூப்பிட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அல்லது பில்லில் குறைத்திருப்பார்கள். முழுவதும் சாப்பிட்ட பிறகு சொன்னால் எடுபடாது. நீங்கள் பாதி வைத்துவிட்டதாகவும் படம் எடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பில்லும் படமும் சேர்த்து இன்றைக்கே கடைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். கடிதத்தில் துவாலையையும் கடலையையும் சேர்க்காதீர்கள். இறாலைப் பற்றி மட்டும் நாலு வரி போதும்.