அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் லூக்கா டான்சிச் இருக்கிற அணிக்குத்தான் கோப்பை என்கிறார்களே, அது மிகையா?

ஆட்டக்காரராக அவரை யாரும் மிகையாகப் புகழவில்லை. அவர் அணியைத்தான் மிகையாகப் புகழ்கிறார்கள். தல்லாகுளம் டீக்கடையில் காலை ஆட்டம் முடிந்ததும் நடக்கிற சண்டையிலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

2023-24 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி, லீக்கிலேயே முதலிடம். அப்போது அவர் ஆடிய டல்லாஸ் அணியை இறுதிச் சுற்றுவரை இழுத்துப் போனார். அங்கே பாஸ்டன் அவர் டிஃபென்ஸ் ஆடும் பக்கமே திரும்பத் திரும்பப் பந்தைக் கொண்டுவந்தது. மூன்றாவது ஆட்டம் முடிய நாலு நிமிடத்துக்கு மேல் இருக்கும்போதே ஆறாவது ஃபவுல் வாங்கி வெளியேறினார். தொடர் 4-1 என பாஸ்டனுக்குப் போனது.

2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அவரை வாங்க அந்தோணி டேவிஸைக் கொடுத்தது. கூடைக்கடியில் நிற்க ஆள் போச்சு. அந்தப் பருவத்தின் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோல்வி. கடைசி ஆட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிப்பது)! அதற்கு முந்தைய ஆட்டத்தில் லேக்கர்ஸ் பயிற்சியாளர் ரெடிக் இரண்டாம் பாதி முழுக்க அதே ஐந்து பேரையே ஓடவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

மேலூர்ப் பக்கக் கபடியில் பாடிப்போக ஒரு சூரன் இருந்து, பிடிக்க ஆளில்லை என்றால் என்ன ஆகும்? அதேதான்.

அப்புறம், 2023-ல் டென்வர் கோப்பை ஜெயித்தபோது அதன் நட்சத்திரம் யோகிச்சுக்குப் பக்கத்தில் ஜமால் மரேயும் ஆரன் கார்டனும் இருந்தார்கள். லூக்காவுக்கும் அப்படிக் கூட்டாளிகள், முக்கியமாகக் கூடைக்கடியில் நின்று வளையத்தைக் காக்கிற ஒரு சென்டர், அமைந்தால் நான் முதல் ஆளாக லேக்கர்ஸ் என்பேன்.