கையால் வண்ணம் தீட்டிய பழங்காலப் பழப் படங்களைச் சேகரிக்க ஆசை. அசல் எது, நகல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். படத்தை அப்புறம் வாங்கலாம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். ஏற்காட்டில் பழைய பங்களாச் சாமான்களை விற்கும் ஒருவரிடம் சட்டம் போட்ட பேரிக்காய்ப் படம் ஒன்று இருந்தது. கீழே பிரெஞ்சில் சாய்வெழுத்து, டீத்தண்ணி நிறத்தில் தாள். "இருநூறு வருசம் சார்" என்றார். நாலாயிரம் ரூபாய் கொடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அப்பா சட்டத்தைப் பிரிக்கச் சொல்லி, பட்டறை லென்ஸை வைத்துப் பார்த்தார். "என்னடா இது, கல்யாணப் பத்திரிகையாட்டம் புள்ளி புள்ளியா இருக்குது?" அவ்வளவுதான். இந்தக் கால இயந்திர அச்சான ஆப்செட். தாளின் பழுப்பு, காப்பியில் நனைத்து வந்தது.

அசல் எப்படி உருவானது என்று தெரிந்துவிட்டால் சோதனைகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செப்புத் தகட்டில் உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கீறலுக்குள் மட்டும் மை நிற்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளையில் அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் அசல் படத்தில் கோடுகள் மயிரிழை அளவு மேடாக இருக்கும். தகட்டின் விளிம்பு அழுந்தியதால் படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அது தெரியும். (ஓரத்தை வெட்டியிருந்தால் பள்ளமும் போயிருக்கும். ஓரம் வெட்டிய படத்துக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.)

வண்ணம் அதற்குப் பிறகுதான். மாதிரிப் படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டுவார்கள். பல இடங்களில் பெண்களும் சிறுவர்களும் செய்த கூலி வேலை இது. அவசரத்தில் பச்சை இலைக்கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், சிவப்பு ஓரிடத்தில் திட்டாகத் தேங்கியிருக்கும். லென்ஸில் அந்த வழிசலைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். திராட்சை, பிளம் போன்ற கரும்பழங்களில் கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசினைத் தடவி மினுக்கம் ஏற்றியிருப்பார்கள். தாளைத் திருப்பியும் பாருங்கள். செம்பு கலந்த பழைய பச்சை காலப்போக்கில் தாளை அரிக்கும். இலை இருந்த இடத்தில் பின்பக்கம் பழுப்பு நிழல் விழுந்திருந்தால் அந்த வண்ணம் பெரும்பாலும் பழையது.

ஒரு எச்சரிக்கை. புள்ளி என்றாலே போலி என்று ஓடிவிடக் கூடாது. பிரான்சில் புவாத்தோ, துர்பேன் போன்ற ஓவியர்களின் பழப் படங்களில் தகட்டிலேயே புள்ளி வைத்துத்தான் உருட்சியைக் காட்டினார்கள். வண்ணமும் தகட்டிலேயே ஏற்றி அச்சடித்து, மிச்சத்தைக் கையால் முடித்தார்கள். அந்தப் புள்ளிகள் பழத்தின் வளைவோடு சேர்ந்து நெருங்கும், விலகும். ஆப்செட் புள்ளிகளோ வெள்ளைப் பின்னணியைத் தவிர எல்லா இடத்திலும் நாலு நிறத்தில், ராணுவ அணிவகுப்பு போல நிற்கும்.

பூவை விட்டுவிட்டு ஏன் பழம் என்று என்னிடமும் கேட்பார்கள். பூப்படம் பெரும்பாலும் ஒரு இனத்தைக் காட்டும். பழப் புத்தகங்கள் ரகத்தைக் காட்டின. ஒரே பேரிக்காய்க்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்த காலம் அது. எந்த ஒட்டுக்கன்று எந்தப் பழம் தரும் என்பதில் பெரிய குழப்பம். அதைத் தீர்க்கத்தான் 1758-ல் நெதர்லாந்தில் க்னோப் என்ற தோட்டக்காரர் ஆப்பிளையும் பேரியையும் ரகம் ரகமாகப் படம் போட்டு, பெயரோடு புத்தகமாக்கினார். 1768-ல் பிரான்சில் துஹாமெல், 1804 முதல் 1812 வரை லண்டனில் ப்ரூக்‌ஷா. ப்ரூக்‌ஷாவின் 90 படங்களில் பல கரும்பழுப்புப் பின்னணியில் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். அவை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. க்னோப்பின் பக்கங்கள் எப்போதாவது எட்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது, குட்டையான பேரிக்காய்கள். ஏற்காட்டுச் சாலையோரத்தில் கூறு போட்டு விற்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்முடையது இன்னும் முரடு. மலைக்குக் காப்பியோடு பழமரங்களும் ஏறியது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் என்று இங்கே சொல்வார்கள்.

என் ஆதங்கம் மாம்பழம். மல்கோவா, இமாம்பசந்த், நடுசாலை, குண்டு என்று சேலத்துக்காரன் வாசனையிலேயே பிரித்துவிடுவான். பழைய தாவர நூல்களுக்கு அது எல்லாமே ஒரே 'மாஞ்சிஃபெரா இண்டிகா'. ஒரு கிளை, ஒரு பழம், குறுக்கே வெட்டிய ஒரு கொட்டை, முடிந்தது. க்னோப் பேரிக்குச் செய்ததை மல்கோவாவுக்குச் செய்த செப்புத் தகடு இதுவரை என் கண்ணில் படவில்லை.

நம் பக்கத்துப் படங்கள்தான் வேண்டும் என்றால் மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்டுஸ் மலபாரிகுஸ்' என்ற மலபார்த் தாவர நூல். படத்திலேயே மலையாள எழுத்தில் பெயர் செதுக்கியிருப்பார்கள். அது பெரும்பாலும் கருப்பு வெள்ளை. வண்ணத்தில் யாராவது விற்றால், வண்ணம் எப்போது ஏறியது என்று கேளுங்கள். அடுத்தது தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் 'கோரமண்டல் கரைத் தாவரங்கள்' என்ற நூல், 1795 முதல் 1820 வரை, 300 படங்கள். மூன்றாவது சென்னை ராஜதானியில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் நூல்கள். அவை கல்லச்சு, அதாவது தகட்டில் கீறாமல் தட்டையான கல்லில் வரைந்து அச்சடித்தவை, அதனால் தகட்டுப் பள்ளத்தைத் தேடாதீர்கள். அவருக்கு வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயரும் நிலைத்திருக்கிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார் வைட். ராக்ஸ்பரோவுக்கு வரைந்த நம்மூர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விற்பனைக்கு வரும் தனித்தாள்களில் பெரும்பாலானவை யாரோ முழுப் புத்தகத்தைக் கிழித்ததால் வந்தவை. எனக்கு இதில் உறுத்தல் உண்டு. முழுப் புத்தகத்தை இப்போதுதான் பிரித்து விற்கிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அவரிடம் வாங்குவதில்லை. சொல்லாமல் விற்பவரிடம் வாங்கியிருப்பேனோ என்னவோ.

பராமரிப்பு சுருக்கமாக. வெயில் படும் சுவர் கூடாது, சிவப்புதான் முதலில் வெளுக்கும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. பின்னால் சாதா அட்டை வேண்டாம், அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். மலையில் வீடு இருந்தால் படத்தை அங்கே மாட்டவே வேண்டாம். மூன்று மாதம் பனிமூட்டம் குடித்தால் தாளில் பழுப்புப் புள்ளி பூத்துவிடும். என் நண்பர் ஒருவரின் ஆரஞ்சுப் படம் அப்படித்தான் அம்மை போட்டது.

கடைசியாக, காசில்லாமல் கண்ணைப் பழக்க ஒரு வழி. அமெரிக்க வேளாண் துறை 1886 முதல் பழ ரகங்களை ஓவியர்களை வைத்து நீர்வண்ணத்தில் வரைய வைத்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் 'மல்கோபா' (Mulgoba) என்று தேடுங்கள். 1889-ல் இந்தியாவிலிருந்து ஒட்டுக்கன்றாக ஃப்ளோரிடா போன மாமரம் அது. ஹேடன் என்ற பிரபல ரகம் அதன் வழியில் வந்ததுதான். நான் அதை அஸ்தம்பட்டியில் நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, அந்தப் போலிப் பேரிக்காயின் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறேன். அப்பா லென்ஸோடு வந்து பார்த்தார். "இதுலயும் புள்ளிதான்டா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, "காம்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்றார்.