லேசர் ஒளியும் சிலிக்கான் கார்பைடும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோவை கணபதியில் எங்கள் பட்டறையில் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் இருக்கிறது. இரும்பை எளிதாக வெட்டும் அதற்குச் சிலிக்கான் கார்பைடு வேஃபர் (சிலிக்கானும் கரியும் சேர்ந்த படிகத்தின் மெல்லிய தகடு) ஏன் வசப்படுவதில்லை?

பதில்: திறன் போதாமை காரணமன்று. உங்கள் இயந்திரத்தின் ஒளி ஏறத்தாழ 1.07 மைக்ரான் அலைநீளம் உடையது. அதன் ஒவ்வொரு போட்டானிலும் (ஒளித்துகளிலும்) சுமார் 1.16 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. மின்னணுச் சாதனங்களுக்குப் பயன்படும் 4எச் என்னும் படிக வகைச் சிலிக்கான் கார்பைடின் ஆற்றல் இடைவெளியோ, அதாவது பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை எழுப்பத் தேவையான குறைந்த அளவு ஆற்றலோ, 3.26 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே பெரும்பகுதி ஒளி உறிஞ்சப்படாமலே ஊடுருவிப் போய்விடுகிறது. மாசணுக்களோ மேற்பரப்புக் குறைகளோ உள்ள இடங்கள் மட்டும் ஒளியை வாங்கிச் சூடேற, சீரற்ற வெப்பத்தால் வேஃபர் விரிசல் விடுகிறது. மேலும், சாதாரண அழுத்தத்தில் இப்பொருள் உருகி ஓடாது; மிக உயர்ந்த வெப்பநிலையில் நேரடியாகச் சிதைந்து, சிலிக்கான் ஆவியாகக் கரி எஞ்சுகிறது. வெட்டிய விளிம்பு கறுப்பாகத் தெரிவது அதனால்தான்.

கேள்வி: அப்படியானால், ஊடுருவிப் போகும் அதே ஒளியால் படிகத்தின் உள்ளேயே மாற்றம் செய்வது எப்படி? (பெருந்துறை, பொறியியல் மாணவி)

பதில்: இந்தத் துறையின் உயிர்நாடியே இக்கேள்விதான். ஒளியை மிகக் குறுகிய துடிப்பாக்கி லென்சால் ஒரு புள்ளியில் குவிக்கும்போது, மூன்று போட்டான்கள் சேர்ந்து ஒரே எலக்ட்ரானை எழுப்புகின்றன. மும்மடங்கு ஆற்றல் 3.26ஐத் தாண்டிவிடுகிறது அல்லவா? இந்நிகழ்வின் வாய்ப்பு ஒளிச்செறிவின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், குவியத்துக்கு வெளியே படிகம் அப்படியே இருக்கிறது.

அடுத்து, துடிப்பின் கால அளவு. எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை அணுக்கோவைக்கு (படிகத்தின் அணு அடுக்குக்கு) கைமாற்றப் பிகோ வினாடிகள் ஆகும்; ஒரு பிகோ வினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான ஃபெம்டோ வினாடிக் கணக்கிலான துடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிணைப்புகளில் இருந்த எலக்ட்ரான்கள் பெருமளவில் விடுபட்டதும், பொருள் சூடேறுவதற்குள்ளாகவே அணுக்களின் ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. பிகோவைவிட ஆயிரம் மடங்கு நீண்ட நானோ வினாடிக் கணக்கிலான துடிப்பிலோ வெப்பமே முன்னிற்கிறது. என் கருத்தில், லேசர் வாங்க வருபவர் வாட் கணக்குக்கு முன் துடிப்பின் அளவைக் கேட்க வேண்டும். இத்தகைய துடிப்புகளைப் பெருக்கும் வழியை 1985இல் தந்த ஜெரார்டு மூரூவும் டோனா ஸ்டிரிக்லண்டும் 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

கேள்வி: காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் எங்களுக்கு இதனால் என்ன பயன்? (பல்லடம்)

பதில்: காற்றாலை போன்றவற்றின் மின்சாரத்தை வேண்டிய வடிவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்களில் இழப்பைக் குறைக்கும் சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகள் விலை கூடுதலாக இருப்பதற்கு வேஃபர் செலவும் ஒரு காரணம். வைரத்துகள் பதித்த கம்பியால் அறுக்கும்போது விலையுயர்ந்த படிகத்தில் ஒரு பகுதி தூளாகவே போகிறது. ஜப்பானின் டிஸ்கோ நிறுவனம் 2016இல் அறிவித்த கப்ரா முறையில், லேசர் படிகத்தினுள் குறித்த ஆழத்தில் ஓர் அடுக்கைச் சிலிக்கானாகவும் கரியாகவும் சிதைக்கிறது. அங்கிருந்து வேஃபர் பிரித்தெடுக்கப்படுகிறது. நம் பக்கத்துக் கல்குவாரிகளில் வரிசையாகக் குழியடித்துப் பாறையைப் பிளப்பதை ஒத்தது இது.

கேள்வி: லேசர் பட்ட இடம் சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறம் காட்டுகிறது. அமைப்பு மாறிவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: நிறத்துக்குக் காரணம் மேற்பரப்பில் எழுந்த நுண்வரிகள், 1965இலேயே குறைகடத்திகளில் இவை காணப்பட்டன. வரிகளைக் கொண்டு மட்டும் படிகம் மாறியதென முடிவு செய்யக் கூடாது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு அதன் அணுப் பிணைப்புகளை அறியும் ராமன் நிறமாலை எடுங்கள். கீழே வரும் எண்களின் அலகு, சென்டிமீட்டரின் தலைகீழ். 4எச் படிகத்துக்குரிய 776 கோடு தாழ்ந்து அகன்றால் ஒழுங்கு குலைந்திருக்கிறது. 520இல் கோடு எழுந்தால் படிகச் சிலிக்கான் பிரிந்திருக்கிறது. 1350, 1580 அருகே எழுந்தால் கரி. அலகு, சென்டிமீட்டரின் தலைகீழ்.

கேள்வி: இந்த லேசரை இயக்கும்போது கண்ணைக் காக்கச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதுமா?

பதில்: போதவே போதாது. 1.07 மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரை வரை சென்று குவியும். அந்த அலைநீளத்துக்கென்றே சான்றளிக்கப்பட்ட கண்ணாடியை, குறைந்த திறனில் ஒளிப்பாதையைச் சரிசெய்யும்போதும் கழற்றாதீர்கள்.