ஐந்து வாரப் பாதயாத்திரைக்கு அமெரிக்காவில் விடுப்பு கிடைக்குமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் டல்லாஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருக்கிறேன். சிறு வயதில் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்திருக்கிறேன். ஸ்பெயினில் உள்ள சான்டியாகோ நகரின் புனித யாகப்பர் பேராலயத்துக்கான பாதயாத்திரையை முழுவதுமாக நடந்து முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு ஐந்து வாரம் வேண்டும். எனக்கு ஆண்டுக்கு 15 நாள்தான் விடுப்பு. உடன் வேலை பார்க்கும் அமெரிக்கர்களில் ஒருவர்கூட இப்படிப் போனதில்லை. மத விடுப்பாகச் சட்டப்படி கேட்க முடியுமா? ஒரு டிராவல் ஏஜென்ட் 900 டாலர் கொடுத்தால் மருத்துவ விடுப்புச் சான்றிதழும், விசாவுக்குப் பதிலாக ‘யாத்திரிகர் அனுமதி’யும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அவர் விற்கும் இரண்டு தாள்களில் ஒன்று உங்கள் வேலைக்கு உலை வைக்கும். இன்னொன்று விமான நிலையத்திலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

உங்கள் அலுவலகத்தில் யாருமே போகாததற்குக் காரணம் அமெரிக்கர்களின் கால்களில் இல்லை. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையை ஆறு மாதம் நடந்து முடிக்கிறவர்களும் அவர்களே. சான்டியாகோவுக்கும் அவர்கள் வராமல் இல்லை. 2024இல் அங்கே யாத்திரைச் சான்றிதழ் பெற்றவர்கள் 5 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். அவர்களில் அமெரிக்கர்கள் 35,000 பேருக்கு மேல், அதாவது ஸ்பெயின் நாட்டவருக்கு அடுத்த இடம். எண்ணிக்கையாகப் பார்த்தால் பெரிதுதான். ஆனால் 34 கோடி மக்கள் உள்ள நாட்டுக்கு அது மிகச் சிறிய பங்கு. அதன் கால் பங்கு மக்கள்தொகைகொண்ட ஜெர்மனியிலிருந்து 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அந்தப் பாதையில் நீங்கள் சந்திக்கப்போகும் அமெரிக்கர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவராகவோ, கல்லூரி முடித்த பிள்ளையாகவோ, கோடை விடுமுறையில் வந்த ஆசிரியராகவோ, ஒரு வேலையை விட்டு அடுத்த வேலைக்குக் காத்திருப்பவராகவோ இருப்பார். நாற்பது வயதில், வேலையில் இருந்துகொண்டே, ஐந்து வாரம் நடக்க வந்த அமெரிக்கரைப் பார்ப்பது அரிது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் வேலைநேர நெறிமுறை கட்டாயப்படுத்துகிறது. ஸ்பெயினில் அது 30 நாட்காட்டி நாள். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டமோ தனியார் நிறுவனம் ஒரு நாள் விடுப்புகூடச் சம்பளத்துடன் தர வேண்டும் என்று சொல்வதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் 15 நாளும் நிறுவனம் தானாக வகுத்துக்கொண்ட கொள்கையே தவிர, உங்கள் உரிமை அல்ல. உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தில் ஒரு மனிதன் தன் சாமியைப் பார்க்க நடந்து போவதற்கு மேலாளரின் மனநிலையை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது என்பதை இத்தனை ஆண்டுகளாக எழுதியும் எனக்குப் பழகவில்லை.

ஐரோப்பியர் இந்த நான்கு வாரத்தைக்கூட ஒரே மூச்சில் செலவழிப்பதில்லை. இந்த ஆண்டு பத்து நாள், அடுத்த ஆண்டு விட்ட இடத்திலிருந்து இன்னொரு பத்து நாள் என்று துண்டு துண்டாக நடக்கிறார்கள். டல்லாஸிலிருந்து போகிறவர் ஒவ்வொரு துண்டுக்கும் அட்லாண்டிக்கைக் கடக்க டிக்கெட் வாங்க வேண்டும். ஆகவே அமெரிக்கருக்கு ஒன்று முழுப் பாதை, இல்லையென்றால் கடைசிச் சிறு துண்டு என்றாகிவிடுகிறது. முழுப் பாதைக்கு விடுப்பு இல்லை. வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விடுகிறது.

இப்போது அந்த மருத்துவ விடுப்புச் சான்றிதழ். 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு தருகிறது என்பது உண்மை. அது உங்களுக்கோ உங்கள் பெற்றோர், மனைவி, பிள்ளைகளுக்கோ கடுமையான உடல்நலக் குறைவு ஏற்படும்போதும் குழந்தை பிறப்பு, தத்தெடுப்பு போன்ற காரணங்களுக்கும் உரியது. மன அழுத்தம் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டிவிட்டு, முதுகில் பையுடன் பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரனீஸ் மலை ஏறும் படத்தை முகநூலில் போட்டுவிட்டு, திரும்பி வந்தபோது வேலை இல்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். ஊழியர் ஏமாற்றினார் என்று நிறுவனம் நேர்மையாக நம்பி வேலையை விட்டு நீக்கியிருந்தால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதன் பக்கமே நிற்கின்றன. சான்றிதழ் விற்றவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார். பொய்யான மருத்துவக் காரணம் காட்டி வேலை போனது என்ற குறிப்பு உங்கள் கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த வேலைக்கும் அது நிழலாகத் தொடரும்.

மத விடுப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலருக்கும் இதில் ஒரு தவறான நம்பிக்கை இருப்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தொழிலுக்குப் பெரும் பாதகம் இல்லாதவரை, ஊழியரின் மதக் கடமைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் சொல்கிறது. ‘பாதகம்’ என்பதற்கு முன்பெல்லாம் சிறு சிரமத்தையே காரணமாகக் காட்டி நிறுவனங்கள் தப்பித்துவிடும். 2023இல் உச்ச நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த தபால் ஊழியர் ஒருவரின் வழக்கில், தொழிலின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் கணிசமான சுமை என்று நிறுவனம் காட்டியாக வேண்டும் என்று அந்த அளவுகோலை உயர்த்தியது. இதைப் படித்துவிட்டுத்தான் ‘யாத்திரை இனிமேல் உரிமை’ என்று இணையத்தில் சிலர் முழங்குகிறார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நீங்கள் போவது மட்டுமல்ல, நீங்கள் கேட்கும் அந்தத் தேதியில் போவதும் மத நம்பிக்கையின் பகுதியாக இருக்க வேண்டும். 1988 அக்டோபரில், அன்றைய யூகோஸ்லாவியாவில் இருந்த மெட்ஜுகோரிக்கு யாத்திரை போகும்படி இறைவன் தன்னை அழைத்தார் என்று ஒரு கடை ஊழியர் விடுப்பு கேட்டார். பண்டிகைக் கால விற்பனை நேரத்தில் விடுப்பு இல்லை என்றது கடை. அவர் போனார், வேலையும் போனது. கீழ் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1998இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. யாத்திரை போக வேண்டும் என்பது அழைப்பாக இருக்கலாம், அந்த அக்டோபரிலேயே போக வேண்டும் என்பது அவருடைய சொந்த விருப்பம் என்பது அதன் முடிவு. இதற்கு நேர்மாறாக, இல்லினாய் மாநிலத்தின் பெர்க்லி பள்ளி மாவட்டத்தில் ஓர் ஆசிரியை ஹஜ்ஜுக்காக மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டபோது, மத்திய அரசின் நீதி அமைச்சகமே 2010இல் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு 75,000 டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. ஹஜ் வாழ்நாள் கடமை என்பதோடு அதன் நாட்களும் இஸ்லாமிய ஆண்டில் குறிக்கப்பட்டவை என்பதை இங்கே கவனியுங்கள்.

சான்டியாகோ யாத்திரை எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயம் இல்லை. அதற்கு நாளும் குறிக்கப்படவில்லை. புனித யாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள், அடுத்தது 2027. ஆனால் புனித ஆண்டின் ஆன்மிகப் பேறு ஆண்டு முழுவதற்கும் உரியது என்பதால் ‘ஏன் செப்டம்பரில் போக வேண்டும், ஏன் 35 நாள், கடைசி 100 கிலோமீட்டர் போதாதா?’ என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. உங்களுக்காகவோ பெற்றோருக்காகவோ குறிப்பிட்ட நாளை வைத்து நேர்த்திக்கடன் இருந்து, அதை முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால் நிலைமை கொஞ்சம் மாறலாம். இல்லாத நேர்த்திக்கடனை இதற்காக உண்டாக்க வேண்டாம். சுருங்கச் சொன்னால், மதத்தின் பெயரால் கேட்கலாம். அதை மட்டுமே நம்பி விமானம் ஏறக் கூடாது.

விசாவில் உங்கள் நிலை உங்கள் அமெரிக்கச் சகாக்களின் நிலை அல்ல. அவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் ஐரோப்பாவில் இருக்கலாம். கிரீன் கார்டு அமெரிக்காவில் வாழ்வதற்கான உரிமையே தவிர, ஐரோப்பாவுக்கான நுழைவுச் சீட்டு அல்ல. உங்கள் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருக்கும்வரை உங்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசா வேண்டும். ‘யாத்திரிகர் அனுமதி’ என்று ஒன்று கிடையாது. ஏஜென்ட் சொல்வது அநேகமாக எட்டியாஸ் என்ற இணையவழிப் பயண முன் அனுமதியாக இருக்கும். அது விசா தேவைப்படாத நாட்டவருக்காக ஐரோப்பிய ஒன்றியம் வகுத்தது. உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதன் பெயரை வைத்துப் பணம் பறிக்கும் போலி இணையதளங்கள் குறித்து ஐரோப்பிய ஒன்றியமே எச்சரித்திருக்கிறது.

பாதை பிரான்சின் சான் ஜான் பியே தெ போரில் தொடங்கினாலும் நீங்கள் அதிக நாள் தங்கப்போவது ஸ்பெயினில் என்பதால் ஸ்பெயின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதே விசா பிரான்சுக்கும் செல்லும். கட்டணம் 90 யூரோ. விண்ணப்பத்தை வாங்கும் ஒப்பந்த நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு. இலவசமாகக் கிடைக்க வேண்டிய அந்த ஒதுக்கீட்டை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு விற்கும் தரகர்களும் இருக்கிறார்கள். அதைவிட மோசம், யாத்திரிகர் விடுதிகளுக்குப் போலி முன்பதிவுத் தாள் விற்பது. சான்டியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் அரசு விடுதிகள் முன்பதிவே வாங்குவதில்லை, வந்தவருக்கு வந்த வரிசையில் பத்து யூரோ அளவில் படுக்கை தருகின்றன. அப்படிப்பட்ட விடுதியின் ‘உறுதிச் சீட்டை’த் தூதரகத்தில் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் தனியார் விடுதிகளில் நீங்களே பதிவு செய்து, அன்றாடம் எங்கிருந்து எங்கே நடக்கிறீர்கள் என்ற ஒரு பக்கத் திட்டத்தையும் இணைத்தால் போதும்.

சான்றிதழுக்கும் யாரும் உங்களிடம் பணம் கேட்க வேண்டியதில்லை. வழிநெடுக முத்திரை குத்திக்கொள்ளும் யாத்திரிகர் அட்டை சில யூரோதான். நடந்து குறைந்தது 100 கிலோமீட்டர் முடித்து, சமய அல்லது ஆன்மிக நோக்கத்துடன் வந்ததாகச் சொல்பவருக்குச் சான்டியாகோவில் சான்றிதழை இலவசமாகவே தருகிறார்கள். அந்த 100 கிலோமீட்டர் ஏறக்குறைய நீங்கள் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்த தூரம்தான்.

இனி, உங்கள் 15 நாளை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை. அதற்கு முந்தைய சனிக்கிழமை கிளம்பினால் வாரக் கடைசிகளையும் சேர்த்து உங்களுக்கு 24 நாள் கிடைக்கும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் கழித்தால் 20 நாள். முழுப் பாதை சுமார் 780 கிலோமீட்டர். அது இதற்குள் அடங்காது. பாதையின் நடுவே வரும் பர்கோஸ் நகரிலிருந்து சான்டியாகோவுக்குச் சுமார் 490 கிலோமீட்டர். ஒரு நாளும் ஓயாமல் நடந்தால் முடியும் என்றாலும் காலில் ஒரு கொப்புளம் வந்தால் கணக்கு உடைந்துவிடும். அதைத் தாண்டி வரும் லெயோன் நகரிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரை நிதானமாக 15 நாளில் நடக்கலாம். முழுவதும்தான் வேண்டும் என்றால் இன்னும் பத்து வேலைநாள் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். மொத்தம் 38 நாள் ஆகிவிடும். ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர் இரண்டு வாரச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால் சம்மதிக்கும் மேலாளர்கள் நிறையவே உண்டு. கேட்காமலே ‘இங்கெல்லாம் தர மாட்டார்கள்’ என்று இருந்துவிடுபவர்கள்தான் அதிகம். உங்கள் நிறுவனம் ‘வரம்பற்ற விடுப்பு’ முறைக்கு மாறப்போகிறது என்று அறிவித்தால் அதில் மயங்காதீர்கள். அந்த முறையில் நாட்கள் உங்கள் கணக்கில் சேர்வதில்லை. வேலையை விடும்போது பணமாகவும் கிடைக்காது. ஒவ்வொரு நாளுக்கும் மேலாளர் தலையசைக்க வேண்டும்.

கடிதத்தில் தேதிகள், அவற்றில் எத்தனை சம்பளமில்லாத நாள், நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையைப் பார்ப்பவர் யார், இந்தக் காலத்தில் மருத்துவக் காப்பீடு தொடருமா, பிரீமியத்தை யார் கட்டுவது ஆகியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். வாய்மொழியாகச் ‘சரி’ என்றால் போதாது, ஹெச்.ஆர். துறையின் பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். விடுப்பு அனுமதித்த அந்தக் கடிதத்தைத் தூதரகமும் கேட்கும் என்பதால் மார்ச் மாதத்துக்குள் அதை வாங்கிவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கிரீன் கார்டு கையில் இல்லாவிட்டால் விமான நிறுவனம் உங்களை ஏற்றாது. ஆகவே அதன் நகலை அல்ல, அட்டையையே எடுத்துச் செல்லுங்கள்.